ஒரு கறுப்பு சைக்கிளின் பூர்வீகம்

பழைய இத்தாலியப் பந்தய சைக்கிளை அடையாளம் காண முயல்பவர் அதன் மேல் எழுதியிருக்கும் பெயரைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். இத்தாலியில் ஒரு பட்டறை செய்த ஃப்ரேம் இன்னொரு கடையின் பெயரில் விற்பனையாவது நெடுங்காலம் சர்வசாதாரணமாக இருந்தது. பந்தய வீரர்களில் பலர் தமக்குப் பிடித்த கைவினைஞரிடம் ஃப்ரேம் செய்துகொண்டு, அணிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரை அதன் மேல் எழுதிக்கொண்டார்கள். சேகரிப்பவர்கள் பெருகியபின், பெயரில்லாத ஃப்ரேமில் கொல்நாகோ, டி ரோசா போன்ற புகழ்பெற்ற பெயர்களின் ஸ்டிக்கர் ஒட்டி விலையேற்றும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஸ்டிக்கரை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மரையையும் குழாய் இணைப்பையும் மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. தேடல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பூர்வீகம் தேடிய சைக்கிள் முழுக்கக் கறுப்பு. யாரோ தூரிகையால் தடிப்பாக அடித்த பெயிண்ட். பெயர் இல்லை, சின்னம் இல்லை. இத்தகைய வண்டியில் முதலில் அளக்க வேண்டியது பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் அச்சு ஓடும் குறுக்கு உருளை. ஒரு ஃப்ரேம் எந்த நாட்டு முறைப்படி செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலும் இதுவே சொல்லிவிடும். இங்கிலாந்து முறையில் உருளையின் அகலம் 68 மி.மீ.; அதில் இருபுறமும் திருகி மாட்டும் கப்பின் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கக் கப் இடஞ்சுழியாக இறுகும். பிரெஞ்சு முறையில் விட்டம் 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. இத்தாலிய முறையில் அகலம் 70 மி.மீ., விட்டம் 36 மி.மீ., ஆனால் மரை மட்டும் அங்குலத்துக்கு 24. விட்டம் மில்லிமீட்டரில், மரை அங்குலத்தில் என்ற இந்தக் கலப்பு இத்தாலிக்கே உரியது. இரு பக்கக் கப்பும் வலஞ்சுழியாகவே இறுகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்து மரை தேய்ந்துபோனால் அதைக் குடைந்து 36 மி.மீ. இத்தாலிய மரையாக வெட்டிவிடுவது மெக்கானிக்குகளின் வழக்கமான வைத்தியம். ஆகவே 36 மி.மீ. மட்டும் சாட்சியாகாது, அகலமும் 70 ஆக இருக்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் பொருந்தின. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மி.மீ.; பின்னால் 5 பற்சக்கரங்கள் இருந்த காலத்து அளவு அது. 6, 7 பற்சக்கரங்கள் வந்தபோது அது 126 ஆனது, 8 வந்தபோது 130. இத்தாலி என்பதும், 1970களின் பிற்பகுதிக்கு முந்தியது என்பதும் இவ்வளவில் ஏறக்குறைய உறுதியாகிவிட்டன.

செய்தவர் யார் என்பதைச் சொன்னது சீட் குழாயின் மேல்முனை. சீட் கம்பியை இறுக்கும் போல்ட் பெரும்பாலான சைக்கிள்களில் குழாயின் பின்புறம் இருக்கும். இதில் அது குழாய்க்கு முன்னால், மேல்குழாய் வந்து சேரும் லக்கிற்குள்ளேயே, அதாவது குழாய்களை இணைக்கும் உறைக்குள்ளேயே, அடங்கியிருந்தது. தடித்த பெயிண்ட் போல்ட்டின் தலையை மூடியிருந்ததால் முதல் பார்வையில் போல்ட்டே இல்லாத ஃப்ரேம் போலத்தான் தெரியும். போல்ட்டை இப்படி முன்னால் வைத்த பெரிய பெயர் லெஞ்ஞானோ. அதே நிறுவனக் குடும்பத்தின் வேறு பெயர்களிலும் இந்த லக் வந்திருப்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. கைப்பிடிக் குழாயின் முகப்பில், பெயிண்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு துளைகள் அடைபட்டுக் கிடந்தன. உலோகச் சின்னம் ஒன்றை அங்கே ஆணியடித்து வைத்திருந்ததன் தடம் அது. பாட்டம் பிராக்கெட்டுக்குச் சற்று மேலே, கேபிள் வழிகாட்டிப் பட்டையைக் கழற்றியதும் அதனடியில் விரலகலத்துக்கு ஒரு வளையம் தெரிந்தது. தூரிகை எட்டாத அந்த இடத்தில் இருந்தது மஞ்சள் சாயல் கொண்ட, மினுங்கும் பச்சை. லெஞ்ஞானோவின் பச்சை.

லக், துளை, நிறம் ஆகிய மூன்றும் ஒரே பெயரைச் சொன்னபின் ஐயத்துக்கு அதிக இடமில்லை. மிலான் நகரின் எமிலியோ போட்சி நிறுவனம் நடத்திய பெயர் லெஞ்ஞானோ. வாளை உயர்த்தி நிற்கும் வீரன் அதன் சின்னம். 1176இல் லெஞ்ஞானோ ஊரில் நடந்த போரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆல்பெர்தோ த ஜுஸ்ஸானோ என்ற காவிய நாயகன் அவன். ஜீனோ பார்த்தாலி 1936லும் 1937லும் ஜீரோ தி இத்தாலியா பந்தயத்தை வென்றது லெஞ்ஞானோ அணியில். 1940இல் பார்த்தாலிக்குத் துணையாக அதே அணியில் ஓட வந்த 20 வயது ஃபாஸ்தோ கோப்பி, அந்த ஆண்டு தானே ஜீரோவை வென்றுவிட்டார். 1958இல் எர்கோலே பால்தினி ஜீரோவையும் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றதும் இந்தப் பெயரில்தான். 1987இல் லெஞ்ஞானோ பியாங்கி நிறுவனத்தின் கைக்குப் போனது.

ஆண்டைக் கணிக்க உதிரிபாகங்கள் உதவும். விசென்சா நகரில் துல்லியோ கம்பஞ்ஞோலோ 1933இல் தொடங்கிய நிறுவனம் தன் பொருள்களில் காலத்தின் தடயங்களை ஏராளமாக விட்டுவைத்திருக்கிறது. இணைகர அமைப்பில் இயங்கும் கிரான் ஸ்போர்ட் கியர் மாற்றி 1950களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அலுமினியத்தாலான நுவோவோ ரெக்கார்ட் 1967இல் வந்தது. 1970களில் அதன் உடலில் பேட்டண்ட் என்ற சொல்லோடு ஆண்டின் கடைசி இரு இலக்கங்களையும் பொறித்தார்கள். பற்சக்கரத்தைக் கிராங்கோடு இணைக்கும் போல்ட்களின் வட்டம் 1967 வரை 151 மி.மீ.; பிறகு 144. கம்பஞ்ஞோலோ பிரேக் வந்ததே 1968இல்தான். அதற்கு முந்திய வண்டிகளில் யுனிவர்சல் நிறுவனத்தின் பிரேக்கைப் பரவலாகக் காணலாம். இந்த வண்டியில் இருந்தவை 151 மி.மீ. கிராங்கும் யுனிவர்சல் பிரேக்கும். பின் ஹப்பின் பூட்டு நட்டைத் துடைத்தபோது அதன் முகத்தில் 62 என்ற எண் தெரிந்தது. சக்கரம் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம் என்பதால் அந்த எண் தனித்து நின்றால் செல்லாது. மற்ற பாகங்களும் அதே காலத்தைக் காட்டுவதால் ஏற்கலாம். 1960களின் தொடக்கத்து லெஞ்ஞானோ என்பதே என் முடிவு.

மீட்டெடுக்கும் வேலையில் முதல் ஆபத்து சீட் கம்பி. அலுமினியக் கம்பி எஃகுக் குழாய்க்குள் பல்லாண்டு ஈரத்தோடு இருந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழும் ஊடுருவு எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிட்டு, கம்பியை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். லெஞ்ஞானோவில் லக்கை நெம்பித் திறக்கவே கூடாது. போல்ட் அமர்ந்திருக்கும் காது விரிசல் விட்டால் அந்த வண்டியின் அடையாளமே போய்விடும்.

அடுத்தது பெயிண்ட். தொழிற்சாலையில் சூடேற்றி உறையவைத்த பூச்சு, பின்னாளில் தூரிகையால் அடித்ததைவிடக் கெட்டியானது. அதனால் வீரியம் குறைந்த கரைப்பானைப் பஞ்சில் தொட்டு, கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்த்து, கறுப்பை மட்டும் சிறிது சிறிதாக எடுக்க முடிகிறது. கீழே வரும் பச்சை கீறலும் சொட்டையுமாகத்தான் இருக்கும். அதை அப்படியே விட்டு, மெழுகு பூசுவதே சரி. ஃப்ரேமை மணல் வீசிச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்தால் வண்டி பளபளக்கும், ஆனால் மேலே சொன்ன சாட்சிகளில் பாதி அழிந்துவிடும். குழாயின் உட்புறத் துருவுக்கு எண்ணெய் போதும். சிறு எஃகு பாகங்களை நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தில் ஊறவைக்கலாம். அலுமினியத்தை அதில் போடக்கூடாது.

பேரிங் குண்டுகள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும். பாட்டம் பிராக்கெட்டில் பக்கத்துக்கு 11, ஒவ்வொன்றும் கால் அங்குலம். அச்சும் கப்பும் குழி விழாமல் இருந்தால் அவற்றையே கிரீஸ் வைத்து மாட்டலாம். வலப்பக்க இத்தாலியக் கப் மிதிக்கும்போது தானே தளரும் இயல்புடையது; நீண்ட பிடி கொண்ட ஸ்பேனரால் நன்றாக இறுக்க வேண்டும். பழைய அலுமினிய ஹேண்டில்பாரையும் அதன் தண்டையும் விரிசல் பார்க்காமல் சாலைக்கு எடுத்துப் போகக்கூடாது. டயர், கேபிள், பிரேக் கட்டை ஆகியவை புதிதாகவே இருக்கட்டும். அவை தேய்வதற்காகவே செய்யப்பட்டவை.

இப்படித் தயாரான வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டியதில்லை. தஸ்கனியின் காயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் எரோய்கா சவாரியில் மண் சாலைகளில் ஓடுபவை 1987க்கு முற்பட்ட சைக்கிள்களே. பழைய வண்டி ஒன்று கைக்கு வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்பேனரை எடுக்கும் முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்துவையுங்கள், கழற்றிய பாகம் எதையும், துருப்பிடித்த நட் ஆனாலும், எறிந்துவிடாதீர்கள்.