மூளையே இல்லாமல் வாழ்ந்த மனிதரா?

பிரான்ஸ் நாட்டில் மூளையே இல்லாமல் ஒருவர் அரசு வேலை பார்த்தார் என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வலம் வருகிறது. 'சுப்ஹானல்லாஹ், அனைவருக்கும் பகிருங்கள்' என்ற வரியும் அதன் அடியில் இருக்கும். சில பயான்களிலும் அதனைச் செவியுற்றிருக்கிறோம். படைத்தவனின் ஆற்றலை எடுத்துரைக்க விரும்புவது நல்ல நாட்டமே. ஆனால், சான்றாக வைக்கப்படும் செய்தி முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா? இச்செய்தியில் விடுபட்டுள்ள பகுதியால் ஒரு கைக்குழந்தையின் உயிருக்கே தீங்கு நேரலாம் என்பதாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

நிகழ்வு உண்மைதான். 2007ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் மார்செய் நகர மருத்துவர்கள் அதனைப் பதிவு செய்தார்கள். அந்த மனிதருக்கு வயது 44. மணமானவர், இரு பிள்ளைகளின் தந்தை, அரசு ஊழியர். இடக்காலில் இலேசான பலவீனம் இரண்டு வாரங்களாக நீடிக்கவே மருத்துவமனைக்கு வந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மண்டையோட்டின் உட்புறத்தில் பெரும்பகுதியை நீரே நிறைத்திருந்தது. மூளை ஓரங்களில் மெல்லிய அடுக்காக ஒதுங்கியிருந்தது. ஆக, 'மூளை இல்லை' என்பது பிழை. தட்டையாகி ஒதுங்கிய மூளை என்பதே சரி.

இது எவ்வாறு இயலும்? நம் ஒவ்வொருவரின் மூளைக்குள்ளும் சிற்றறைகள் உள்ளன. அவற்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி தெளிந்த திரவம் சுரந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி வந்து, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதன் வழி அடைபட்டால் திரவம் தேங்கி, அறைகள் பலூனைப் போல் விரியும். இதனையே தலையில் நீர் கோத்தல் என்கிறோம். மருத்துவர்கள் ஹைட்ரோகெபாலஸ் என்பார்கள். இந்தத் தேக்கம் விரைவாக நேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் பிரியலாம். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நேர்ந்தாலோ, மூளை தன் வேலைகளை விடாமலே இடம் மாறி அமைந்துகொள்வதும் உண்டு. மார்செய் மனிதருக்கு நேர்ந்தது இத்தகைய மெதுவான மாற்றமே. நாம் வியக்க வேண்டிய இடமும் இதுவே.

இனி, விடுபட்ட பகுதிக்கு வருவோம். அம்மனிதருக்கு ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தலையில் நீர் கோத்திருப்பது கண்டறியப்பட்டு 'ஷண்ட்' வைக்கப்பட்டது. தேங்கிய திரவத்தை மூளை அறையிலிருந்து வயிற்றுக்கோ இதயத்துக்கோ வடியச் செய்யும் மெல்லிய குழாய் அது. தோலுக்கு அடியிலேயே செல்லும். 14 வயதில் நடை தள்ளாடியது. குழாயைச் சீரமைத்ததும் அது நீங்கியது. 44 வயதில் மீண்டும் சிகிச்சை அளித்தபோது கால் பலவீனமும் சில வாரங்களில் அகன்றது. சிகிச்சை பெற்ற ஒருவரின் வரலாறு எப்படியோ சிகிச்சையே வேண்டாத ஒருவரின் வரலாறாகத் திரிந்துவிட்டது.

சென்ற ஆண்டு, நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் உம்மா ஐந்து மாதக் குழந்தையுடன் மதரஸா வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், பிள்ளைக்குத் தலையில நீர் கோத்திருக்காம். உடனே ஆபரேஷன் செய்யணும்னு டாக்டர் சொல்றாரு. மூளையே இல்லாம ஒருத்தரு நல்லா வாழ்ந்தாராமே, அப்ப இதையும் அப்படியே விட்டா அல்லாஹ் காப்பாத்த மாட்டானா?" என்று கேட்டார். குழந்தையின் தலை உடலுக்கு மிஞ்சிப் பெருத்திருந்தது. கருவிழிகள் கீழிமைக்குள் பாதி இறங்கியிருந்தன. "அவரோட வாப்பாவும் உம்மாவும் ஆறாம் மாசத்திலேயே ஆபரேஷன் செஞ்சாங்கம்மா" என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அதை யாரும் சொல்லலியே ஹஜ்ரத்" என்றார். அவ்வாரமே குழந்தைக்கு ஷண்ட் வைக்கப்பட்டது. இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறது. பேச்சு வரத் தாமதமாகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம்.

நோய் கண்டால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை நாம் அறிவோம். இந்த நோய்க்கும் முஸ்லிம்களின் மருத்துவ வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலுசியாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, குழந்தைகளின் தலையில் தேங்கும் நீரை வெளியேற்றும் முறையைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். எனினும், தாம் கண்ட அத்தகைய குழந்தைகள் விரைவிலேயே இறந்துபோனதால், அவர்களுக்கு அறுவை செய்யாமல் விடுவதையே தேர்ந்ததாகவும் எழுதிவைத்தார். அவ்வளவு பெரிய மேதைக்கும் அன்று வழி இல்லை. 1950களில்தான் நிலை மாறியது. அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, இந்நோயுடன் பிறந்த தம் மகனுக்காக, திரவத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் சிறு வால்வு ஒன்றை உருவாக்கினார்.

மார்செய் அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. அம்மனிதரின் நுண்ணறிவு அளவு, அதாவது ஐ.க்யூ, 75. சராசரி 100 எனக் கொள்ளப்படும் அளவு அது. நம் ஊர்களில் அந்த எண் ஒரு பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'மந்தம்' என்ற சொல்லாக ஒட்டிக்கொண்டுவிடும். அவரோ வேலை பார்த்தார், குடும்பம் நடத்தினார். ஷண்ட் வைத்த பிள்ளைகளில் நன்கு படிப்போரும் உண்டு. மனனம் செய்யத் திணறுவோரும் உண்டு. திணறுவோருக்குப் பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி ஓதிக்கொடுக்கலாம்.

கைக்குழந்தையின் தலை வேகமாகப் பெருத்தாலோ, உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தாலோ, கண்கள் கீழ்நோக்கியே நின்றாலோ பெற்றோர் தாமதிக்கலாகாது. மக்தப் உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஷண்ட் எந்த வயதிலும் அடைபடக்கூடும். அதனை வைத்த பிள்ளை தலைவலி என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, ஓதும்போது வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தாலோ, சாக்குச் சொல்கிறது என்று எண்ணி அதட்ட வேண்டாம். தனியே வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். பெற்றோரை அழைத்து, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள்.