காயிலும் கபாலமும்

புனேயில் தமிழர் பலர் வாழும் கட்கியில் என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய வீடு இருக்கிறது. அவன் அண்ணனுக்கு வயது முப்பத்திரண்டு, ஆட்டிசம் உடையவர். மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. காயில் கட்டுவதில் அவருக்கு நிகர் அந்தத் தெருவில் இல்லை. ஆனால் கடைக்கு வருபவர் பாராட்டுகிறாரா, கேலி செய்கிறாரா என்பது அவருக்கு விளங்காது. குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவார்.

சென்ற தீபாவளி விடுமுறையில் அவர்களுடைய தாயார் ஒரு விளம்பரத் தாளை என்னிடம் நீட்டினார்.

"நீ பிசிக்ஸ் படிக்கிற பிள்ளையாச்சே. இது நிஜமான்னு சொல்லுப்பா."

காந்தத்தால் மூளையைத் தூண்டி ஆட்டிசத்தைக் குணமாக்குவதாக அதில் அச்சிட்டிருந்தது.

இதன் அடிப்படை நாம் படித்ததுதான். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று பாரடே 1831இல் கண்டார். அந்தக் கடத்தி மனித மூளையாகவும் இருக்கலாம் என்று 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் காட்டினர். தலைமேல் வைத்த காயிலில் கணநேரம் மின்சாரம் பாயும். மண்டையைத் திறவாமலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரை நரம்பணுக்கள் தூண்டப்படும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தது. ஆட்டிசத்துக்கு அனுமதிக்கவில்லை, அதில் இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் நிற்கிறது. குணம் என்ற சொல்லை அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டவர்கள், அபூர்வமாக வலிப்பு வரக்கூடும் என்பதைப் பொடி எழுத்திலாவது போட்டிருக்கலாம்!

ஜான் எல்டர் ராபிசனின் கதையையும் அவர்களுக்குச் சொன்னேன். ஆட்டிசம் உடைய அமெரிக்கர். மோட்டார் கார் பழுது பார்ப்பவர். 2008இல், ஐம்பது வயதில், பாஸ்டன் நகரில் பாஸ்குவல்-லியோன் குழுவினரின் ஆராய்ச்சிக்குத் தாமாகவே தலையைக் கொடுத்தார். ஓர் இரவு வீடு திரும்பும்போது பழைய இசைப்பதிவு ஒன்றைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். பிறர் முகத்தில் உணர்ச்சியைப் படிக்க முடிந்தது. அதோடு பழைய நினைவுகளும் நிறம் மாறின. நட்பென்று எண்ணியிருந்த சில சிரிப்புகள் ஏளனமாகத் தெரிந்தன. மனைவியின் மனச்சோர்வு அவரையும் அழுத்த, மணவாழ்க்கை முறிந்தது. புதிய உணர்வின் கூர்மையும் நாளடைவில் மங்கியது. இவ்வளவையும் 2016இல் நூலாக எழுதினார்.

அண்ணன் அதுவரை தாளிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வருமா, தம்பி?"

"ஒவ்வொரு துடிப்புக்கும் டக்கென்று வரும், அண்ணா. காதை அடைத்துவிடுவார்கள்."

"எத்தனை தரம்?"

மனச்சோர்வுச் சிகிச்சையில் ஒரே அமர்வில் மூவாயிரம் துடிப்புகள்கூட உண்டு என்றேன்.

"அம்மாடி! யார் கேலி பண்றாங்கன்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகணும்? விசில் சத்தம் காதைக் கிழிக்காம இருக்கணும். அதுக்குக் காயில் இருக்கா?"

"அப்படி ஒன்று வந்ததாக நான் படித்ததில்லை, அண்ணா."

தாயார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கப்புறம் உன் முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்க யார் இருக்காப்பா? அதுக்குத்தானே கேட்டேன்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். எட்டு வடிவத்தில் சுற்றிய காயில் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.