காஞ்சி என்று ஒரு டீம் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, தென் மாவட்ட ரயில்களில் வந்திறங்கி, தூக்கம் கலையாத குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் கூட்டம். இன்னொன்று, தங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கும் கிரிக்கெட் பையை இழுத்துக்கொண்டு பீச் வண்டியைப் பிடிக்க ஓடும் பையன்கள். பையின் ஜிப் முழுதாக மூடாது. பேட்டின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஏறியதும் கதவோரம் பையைச் சாய்த்துவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த ஊருக்கென்று ஒரு கிரிக்கெட் அணி இருந்ததா என்று கேட்டால், அந்தப் பையன்களில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். இருந்தது. நான்கு சீஸன். அதுவும் ஒன்றில்லை, இரண்டு.

தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது 2016 ஆகஸ்டில். ஐ.பி.எல்.லிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு ஆண்டுகள் தள்ளிவைக்கப்பட்டிருந்த நேரம். மஞ்சள் சட்டையைப் பெட்டியில் மடித்துவைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த தமிழக ரசிகர்களுக்கு, நம்மூர்ப் பையன்களே ஆடும் டி20 போட்டி என்று வந்தது அது. எட்டு அணிகள். தூத்துக்குடிக்கு ஆல்பர்ட் டூட்டி பேட்ரியாட்ஸ், கோவைக்கு லைக்கா கோவை கிங்ஸ், திண்டுக்கல் டிராகன்ஸ், மதுரை சூப்பர் ஜயன்ட்ஸ், காரைக்குடி காளை, சேப்பாக் சூப்பர் கில்லீஸ், திருவள்ளூர் வீரன்ஸ். எட்டாவது, ரூபி காஞ்சி வாரியர்ஸ்.

அந்த எட்டாவதுதான் தாம்பரத்தின் கணக்கில் வரும். அன்று தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, வண்டலூர் எல்லாமே காஞ்சிபுரம் மாவட்டம். அணியை வாங்கிய ரூபி பில்டர்ஸும் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வீடுகள் கட்டி விற்றுப் பெயர் பெற்ற நிறுவனம். பேருந்து நிறுத்தத்திலும் சுவரிலும் ஃபிளாட் விளம்பரமாகப் பார்த்துப் பழகிய பெயர், திடீரென்று டி.வி.யில் பதினோரு பேர் முதுகில் தெரிந்தது. இதைவிட உள்ளூர் அணி எப்படி அமையும்?

ஆனால் தாம்பரத்துக்காரருக்குக் காஞ்சி என்றால் என்ன? கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிற ஊர். வரதராஜர் கோயில். திங்கட்கிழமை மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீஸுக்கு அரை நாள் அலைந்த ஞாபகம். தாம்பரத்திலிருந்து சேப்பாக்கத்துக்குப் போகிற தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போனால்தான் காஞ்சிபுரம் வரும். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்தே இந்த ஊரின் முகம் வடக்குப் பார்த்துத்தான் இருக்கிறது. வேலை, காலேஜ், ஆஸ்பத்திரி, மேட்ச் எல்லாம் அந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில்.

ஆகவே 2016-இல் இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். மாவட்டப்படி பார்த்தால் கைதட்ட வேண்டியது காஞ்சிக்கு. ரயில் பாஸ்படி பார்த்தால் சேப்பாக்குக்கு. கோட்டை ஸ்டேஷனில் இறங்கிப் பறக்கும் ரயில் மாறினால் மைதானத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே போய் உட்கார்ந்து, சேப்பாக் அணி சிக்ஸர் அடிக்கும்போது கைதட்டாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்?

காஞ்சிக்கு இன்னொரு குறை இருந்தது. அதற்கு வீடே இல்லை. லீக் நடந்தது மூன்று இடங்களில். சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கத்தில் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம், திருநெல்வேலி சங்கர் நகரில் இந்தியா சிமென்ட்ஸ் மைதானம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு ஆட்டம்கூட இல்லை. ஊர்ப் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்தவர் ஊரில் ஒரு மாதம் லாட்ஜ் எடுத்துத் தங்கி ஆடிவிட்டுக் கலைந்துபோகிற டீம் அது. முதல் ஆண்டு கோப்பை தூத்துக்குடிக்கு. இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கை 122 ரன்னில் துவைத்துக் காயப்போட்டார்கள். மறு ஆண்டு அதே இரண்டு அணிகள் மோதி, சேப்பாக் பழி தீர்த்துக்கொண்டது. காஞ்சி அந்த இறுதிப் பக்கமே போகவில்லை.

பிறகு நடந்ததுதான் கதை. 2018 சீஸனுக்கு முன்னால் ரூபி அணி மூட்டை கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டது. பெயர், ரூபி திருச்சி வாரியர்ஸ். அந்த வருடமே திருவள்ளூர் அணி தன் ஊரைக் கைவிட்டு, வி.பி. காஞ்சி வீரன்ஸ் ஆகிவிட்டது. குடியிருந்தவர் காலி செய்த வீட்டுக்கு மறுவாரமே வேறொருவர் பால் காய்ச்சிக் குடிவந்த மாதிரி. வாரியர்ஸுக்காகச் சட்டை வாங்கிய பையன் அந்தச் சட்டையை என்ன செய்திருப்பான்? நெஞ்சில் இருக்கும் காஞ்சியைப் பார்த்தால் புது அணிக்குப் போடலாம். ரூபியைப் பார்த்தால் திருச்சிக்குத்தான் போட வேண்டும்.

வணிகமாகப் பார்த்தால் இதில் குற்றம் சொல்ல முடியாது. எட்டு அணிகளில் சேப்பாக், காஞ்சி, திருவள்ளூர் என்று மூன்று, சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. திருச்சிக்கும் சேலத்துக்கும் அணியே இல்லை. சென்னைப் புறநகர்க்காரருக்குச் சேப்பாக்கத்தை விட்டால் வேறு ஊர் கண்ணில் படாது என்பதை முதலாளிகள் இரண்டே வருடத்தில் புரிந்துகொண்டார்கள். இன்னொரு சுவையான விஷயம்: காஞ்சிபுரமும் திருவள்ளூரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1997-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத்தான் இரண்டையும் உண்டாக்கினார்கள். தாய் மாவட்டத்தின் பெயரில் மட்டும் அணி கிடையாது.

புதிய காஞ்சி வீரன்ஸுக்குப் பாபா அபராஜித் கேப்டன். 2019-இல் பிளே-ஆஃப் வரைக்கும் வந்தார்கள். காஞ்சி என்ற பெயருக்கு வாய்த்த உச்சம் அதுதான். 2019 ஆகஸ்ட் 15 அன்று சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம் ஆடியது வேறு இரண்டு அணிகள். திண்டுக்கல்லை 12 ரன்னில் வென்று சேப்பாக் மறுபடி கோப்பையைத் தூக்கியது.

அதே ஆண்டு நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகத் திரும்பி வந்தது. தாம்பரம் அதற்குள் போனது. ஒரே நாளில் காஞ்சி என்ற பெயருக்கும் தாம்பரத்துக்கும் இருந்த அரசாங்க உறவும் அறுந்தது. 2020-இல் கொரோனா, லீக் நடக்கவில்லை. 2021-இல் மைதானம் திறந்தபோது பட்டியலில் காஞ்சியே இல்லை. வீரன்ஸ், நெல்லை ராயல் கிங்ஸ் ஆகியிருந்தது. ஊரும் அணியும் ஒருவரையொருவர் கைவிட்டதில் யார் முந்தினார்கள் என்று சொல்வது கஷ்டம்.

காஞ்சி மட்டும் தனியாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் சாம்பியனான தூத்துக்குடிக்கே அதே கதி. அந்த அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. 2016-இல் தொடங்கிய எட்டு ஊர்ப் பெயர்களில் ஐந்தே ஆண்டில் நான்கு அழிந்துவிட்டன.

இப்படி அணிகள் ஊர் மாறுவது உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களுக்கு இது பரம்பரைத் துக்கம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மக்கள் உயிராக வைத்திருந்த டாட்ஜர்ஸ் அணி 1957 சீஸனோடு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. பெரிய லீக்குக்குக் கீழே மைனர் லீக் என்று ஒன்று உண்டு. பெரிய அணிகள் தங்கள் இளம் ஆட்டக்காரர்களைச் சின்னச் சின்ன ஊர்களின் அணிகளில் விட்டுப் பழக்குகிற ஏற்பாடு. 2021-இல் அதைச் சீரமைக்கிறோம் என்று பெரிய அணிகளோடு இணைந்த சிற்றூர் அணிகளை 160-லிருந்து 120-ஆகக் குறைத்தார்கள். நம்மூர் ஆட்களும் அந்த லீக்கில் ஆடியிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு பேர், ஒரு டி.வி. போட்டியில் வேகமாகப் பந்து எறிந்து தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து ஃப்ளோரிடாவில் மைனர் லீக் ஆடினார்கள். அவர்கள் கதைதான் 2014-இல் வந்த, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சிற்றூர் அணிக்கு ஊருக்குள் ஒரு மைதானம் இருக்கும். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அணி போனால் அந்தக் காலி மைதானமாவது மிஞ்சும், புலம்புவதற்கு. காஞ்சி அணி போனபோது தென்புறநகரில் மிஞ்சியது ஒன்றுமில்லை. வந்திருந்தால்தானே மிஞ்சுவதற்கு?

மைதானத்துக்கு இங்கே பஞ்சமுமில்லை. தாம்பரத்தின் கிழக்கே, 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து குடிபெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி காட்டுக்கு நடுவில் மைதானங்களோடு இருக்கிறது. சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று அதன் விடுதிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் விளையாட்டுப் போட்டிகளுக்கு, எந்த டி20 லீக்கையும்விட வயது அதிகம். வேளச்சேரியில் குருநானக் கல்லூரி மைதானத்திலும் ஐ.ஐ.டி. வளாகத்தின் கெம்ப்ளாஸ்ட் மைதானத்திலும் ரஞ்சி ஆட்டங்களே நடந்திருக்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரி மைதானத்தில் லீக் ஆட்டங்கள் நடக்கும். பார்வையாளர் என்று பெரும்பாலும் பேடு கட்டிக்கொண்டு முறைக்குக் காத்திருப்பவரும், தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு வந்த ஒரு அப்பாவும்தான்.

இந்த லீக்குக்கு விளம்பரப் பாட்டு கிடையாது. முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று படிப்படியாகக் கீழே இறங்கும். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. அதன் அடிப் படிகளில் என்ன நடக்கிறதென்று பேப்பரில் ஒரு வரி வந்தால் பெரிது. அந்த ஒரு வரிக்குள்ளிருந்து ஒருவர் புறப்பட்டு வந்தார்.

தாம்பரத்துக்குத் தெற்கே பொத்தேரி ஸ்டேஷன் வாசலில் இருக்கிறது எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம். அங்கே ஆர்க்கிடெக்சர் படித்தவர் வருண் சக்கரவர்த்தி. பள்ளிக்கூடத்தில் விக்கெட் கீப்பர். பதினேழு வயதில் கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் படிக்கப் போனவர். படித்து முடித்து வீடு வரைந்துகொண்டிருந்தவருக்கு டென்னிஸ் பால் ஆட்டம் மறுபடி ஆசையைக் கிளப்பியது. குரோம்பெஸ்ட் கிரிக்கெட் கிளப்பில் வேகப்பந்து வீச்சாளராகச் சேர்ந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. ஓடி வந்து வீச முடியாது. சரி, சுழற்றிப் பார்ப்போம் என்று ஜூபிலி கிளப்புக்காக நான்காம் டிவிஷனில் இறங்கினார். 2017-18 சீஸனில் ஏழு ஒருநாள் ஆட்டங்களில் 31 விக்கெட்.

அடுத்த ஆண்டு டி.என்.பி.எல். அவரை எடுத்துக்கொண்டது. எடுத்தது காஞ்சி இல்லை, மதுரை பாந்தர்ஸ். அந்த 2018 கோப்பையை மதுரைதான் வென்றது. டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரைப் பஞ்சாப் 8.4 கோடிக்கு வாங்கியது. 2025 மார்ச்சில் துபாயில், சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். பொத்தேரியில் படித்தவர் மதுரைச் சட்டையில் உலகத்துக்குத் தெரியவந்தார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2016-இல் திண்டுக்கல் சட்டையில் யார்க்கர் வீசித் தெரியவந்ததும் இப்படித்தான். சட்டையில் இருக்கும் ஊருக்கும் சட்டைக்குள் இருக்கும் ஆளுக்கும் இந்த லீக்கில் பெரிதாகச் சம்பந்தம் கிடையாது.

இடம் மாறிய இரண்டு காஞ்சிகளும் பின்னால் நன்றாகவே இருந்தன. திருச்சிக்குப் போன வாரியர்ஸ் 2021 இறுதி ஆட்டம் வரை வந்து, சேப்பாக்கிடம் 8 ரன்னில் கோட்டை விட்டது. நெல்லைக்குப் போன வீரன்ஸுக்கு ஒருவழியாகச் சொந்த மைதானம் கிடைத்தது, ஏற்கெனவே விருந்தாளியாக ஆடிக்கொண்டிருந்த அதே சங்கர் நகர். 2023 இறுதி ஆட்டம் அங்கேயே நடந்தது. கோவையிடம் 104 ரன்னில் தோற்றார்கள். தோற்றாலும் சொந்த ஊர் ஜனத்துக்கு முன்னால் தோற்றார்கள். காஞ்சியாக இருந்த வரைக்கும் அந்தக் கொடுப்பினை அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. லீக்கில் அதன் பெயரில் இன்னும் அணி இல்லை. ஞாயிறு சாயங்காலம் பீச்சிலிருந்து திரும்பும் வண்டியில் காலையில் போன பைகள் திரும்பி வருகின்றன. இப்போது அவற்றின்மேல் செம்மண். பல்லாவரத்தில் ஒருவன், குரோம்பேட்டையில் இருவர் என்று இறங்கிக்கொண்டே வர, தாம்பரம் வரும்போது பாதி டீம்கூட மிஞ்சுவதில்லை. கடைசியாக இறங்குகிறவன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அறுந்த ஜிப்பை ஒரு கையால் பிடித்தபடி படியேறுகிறான்.