அண்டியாபீஸ் பூட்டிய பிறகு

ஜூன் 9
முந்திரி உடைக்கும் அண்டியாபீஸ் வாசலில் பூட்டு. வெளிநாட்டு அண்டி வந்து இறங்கவில்லையாம். எப்போது திறப்பார்கள் என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

ஜூன் 12
மழை.

ஜூன் 21
பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத, அறிவியல் செய்முறை வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். "நாப்பது கழிஞ்சாச்சு, இனி படிச்சு எங்க போவ மக்களே?" என்றாள் அம்மை. பத்து, பிறகு பன்னிரண்டு, பிறகு சிற்பம் படிக்க ஒரு கல்லூரி. வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜூலை 5
எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸ் தாள் சிவந்தது. "அண்டி எண்ணெய் ஏன் டீச்சர் கையைப் பொள்ளவைக்குது?" என்று கேட்டேன். பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னார்.

ஜூலை 12
டீச்சர் குறித்துக்கொண்டு வந்திருந்தார். தோட்டுக்குள் இருப்பது அனகார்டிக் அமிலமும் கார்டாலும். கொல்லாமாவும் மாமரமும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். மாங்காய்ச் சொனை வாயைப் பொள்ளுவதும் அதனால்தான். அந்த எண்ணெய் பெயின்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் போகிறதாம்! விளக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டு இத்தனை வருடம் அண்டி தல்லினோம், ஒருவரும் எங்களுக்கு இதைச் சொன்னதில்லை. சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வந்தன.

ஜூலை 16
கணக்கு வரவில்லை. அழுதேன்.

ஜூலை 26
திருச்சாரணத்து மலைக்கோயிலுக்கு ஏறினேன். பகவதியைக் கும்பிடப் போவதுண்டு. பாறையிலிருக்கும் சமண உருவங்களை நின்று பார்த்ததில்லை. பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்புப் படம், அம்பிகையின் பக்கத்தில் சிங்கம். சிங்கத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்தேன். கொஞ்ச ஆழந்தான் வெட்டியிருக்கிறார்கள், ஆனாலும் உருண்டு தெரிகிறது. வெயில் நகர நகர முகம் மாறுகிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும் என்று பார்த்துத்தான் உளி வைத்தார்களா? புத்தகத்தில் ஒளியியல் பாடம் இருக்கிறது. கணக்கு கிடக்கட்டும், முதலில் அது.

ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குறத்தியார் என்ற சமணப் பெண்துறவி பகவதிக்குப் பொன் கொடுத்த செய்தி அது. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குறத்தியார் வருகிறார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மலையில் பெண்கள் படித்திருக்கிறார்கள்! அந்த மாணாக்கி எந்த வயதில் தொடங்கினாரோ, வீட்டில் யார் என்ன கேட்டார்களோ.

ஆகஸ்ட் 3
திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கிறதாம். அம்மைக்கு மருந்து வாங்க வேண்டும், போகாமல் முடியாது. சனிக்கிழமையும் வேலை உண்டு. செய்முறை வகுப்பும் அன்றுதான். மேஸ்திரியிடம் அரை நாள் கேட்கப்போவதாகச் சொன்னேன்.

"தரல்லன்னா?" என்றாள் அம்மை.