தாத்தாவின் துப்பாக்கி

போன மாசம் டல்லாஸிலிருந்து பெரியம்மா பையன், எங்க அண்ணன், போன் பண்ணினார். "டேய், தாத்தா பர்மாவுல வெச்சிருந்த மாதிரியே ஒரு ஸ்னைப்பர் துப்பாக்கி விலைக்கு வருது. போட்டோ அனுப்பறேன், ஒரிஜினலான்னு யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு."

நானோ பி.காம். படிச்சுட்டு பேங்குல கையெழுத்து சரிபார்க்கிற ஆள். ஆனா எங்க கிளை இருக்கிறது பெங்களூர் அல்சூர்ல. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையோட தலைமையிடம் பக்கத்துலதான். பென்ஷன் வாங்க வர்ற சுபேதார் ஒருத்தர், துப்பாக்கி பழுது பார்த்தவர். அவர்கிட்ட காட்டினேன்.

அது .303 என்ஃபீல்டு, நம்பர் 4 மார்க் 1 (டி). இரண்டாம் உலகப் போர்ல, நல்லா சுடற சாதாரண துப்பாக்கிகளைப் பொறுக்கியெடுத்து, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியில தொலைநோக்கி பொருத்தினாங்களாம். இடதுபக்கம் 'டி' முத்திரை, கட்டையின் அடியில 'எஸ் 51', கன்னம் வைக்க ஒரு மரத்துண்டு. "இதெல்லாம் போலியாவும் பண்ணிடுவாங்க தம்பி. நம்பரைப் பாருங்க" என்றார்.

தொலைநோக்கியோட நம்பர் கட்டையின் கழுத்துல இருக்கணும். துப்பாக்கியோட நம்பர் தொலைநோக்கியைத் தாங்கற பிராக்கெட்ல இருக்கணும். அட, இது நம்ம வேலைதானே! செக்கையும் மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிற மாதிரி.

போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தோம். ரெண்டு நம்பருமே பொருந்தலை.

"துப்பாக்கி நிஜமா இருக்கலாம், தொலைநோக்கியும் நிஜமா இருக்கலாம். ஆனா இது ஜோடி இல்ல" என்றவர், "தாத்தா எந்தப் படை?" என்று கேட்டார்.

"சாப்பர்ஸ்தான் சார்."

சிரிச்சார். "பாலம் கட்டறவங்களாச்சே! டிஸ்சார்ஜ் புக் இருந்தா பாருங்க."

சனிக்கிழமை குடியாத்தம் பஸ் ஏறினேன். அம்மாவோட பெட்டியில, பட்டுப்புடவைக்கு அடியில அந்தப் புத்தகம். தொழில் என்ற இடத்துல ஒரே வார்த்தை: தச்சர்.

சின்ன வயசுல தெருப்பசங்ககிட்ட எத்தனை தடவை பீத்தியிருப்பேன், எங்க தாத்தா குறிபார்த்துச் சுடறவர்னு! அம்மாவைக் கேட்டேன்.

"சுட்டேன்னு அவர் ஒருநாளும் சொன்னதில்லடா. நாங்களாத்தான் சொல்லிக்கிட்டோம்."

ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டேன். நம்பர் பொருந்தலைன்னதும், "சரி, விடு, காசு மிச்சம்" என்றார். தச்சர்னு சொன்னதும் ரொம்ப நேரம் பேச்சே இல்ல. பையன் ஸ்கூல்ல தாத்தாவைப் பத்திப் பேசி கைதட்டு வாங்கியிருக்கானாம்.

அப்புறம் மெதுவா கேட்டார்: "அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பறியா? அவனுக்கு நானே சொல்லிடறேன்."

அனுப்பிட்டேன். கூடவே, அம்மா புடவை வைக்கிற அந்தத் தேக்குப் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பினேன். அது தாத்தா செஞ்சது. மூடி இன்னும் சரியா பொருந்துது.