சுவருக்குள் ஓர் அடுப்பு

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாலும் நம் மனசு பாலிலேயே இருக்கும். ஆனால், சுவருக்குள் இரவும் பகலும் ஓடுகிற மின்சாரத்தை நாம் அடுப்பாக நினைப்பதே இல்லை. அதுவும் அடுப்புத்தான், சகோதரிகளே! கண்ணுக்குத் தெரியாத அடுப்பு.

காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது இதை நன்றாக உணர்ந்தேன். பெண்ணைக் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டிலேயே வைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம், மாப்பிள்ளைதான் வருவார். அந்த வீட்டிலும் மூன்று பெண்களுக்கு மூன்று பாகம். பாகத்துக்கு ஒரு பிரிட்ஜ், ஒரு ஏ.ஸி. வயர் மட்டும் பாட்டி காலத்தது!

போதாததற்கு வெள்ளம் வேறு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் அல்லவா அது! தண்ணீர் வடிந்தது, சுவர் காய்ந்தது, விளக்கும் எரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் வீட்டில் மீன் வாடை.

"மீன் வாங்காத நாளில் மீன் வாடை எங்கிருந்து வரும்?" என்று கேட்டாராம் வீட்டுக்குப் பெரியவரான உம்மா. மோப்பம் பிடித்துப் போனால், பேத்தி தூங்கும் அறையில் பிரிட்ஜ் பிளக் கருகிப் பழுப்பேறியிருந்தது. மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு கேள்விதான் குழந்தையைக் காப்பாற்றியது.

சில வகைப் பிளாஸ்டிக் சூடேறிக் கருகும்போது மீன் வாடைதான் அடிக்கும். கடற்கரை ஊரில் யார் சந்தேகிப்பார்கள்? உப்பு ஈரம் செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும், இணைப்பு தளரும், தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும். இதில் விபரீதம் என்னவென்றால், மின்சாரம் அளவுக்கு மேல் ஓடாததால் பியூஸ் போகாது. மூக்கும் கண்ணும்தான் காவல்.

பாரம் ஏற்றுவது இன்னொரு வினை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்கு. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதைக் கன்வர்ட்டர் போட்டு 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் என்ன ஆகும்? 16 ஆம்பியர் பிளக்கே அதற்கு உரிய இடம்.

பியூஸ் போனால் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டாதீர்கள். அது காவல்காரனைத் தூங்க வைப்பது போல. எம்.ஸி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.ஸி.டி.யும் நல்ல நகைக்குச் சமம். ஆர்.ஸி.டி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். வெள்ளம் புகுந்த வீட்டில் உரிமம் பெற்ற வயர்மேன் சோதித்துச் சொல்லும்வரை மெயினைப் போடவே கூடாது; சுவர் காய்ந்தாலும் உள்ளே குழாயில் நீர் நிற்கலாம்.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எட்டுகிற நிலையில் இருந்தால் மெயினை அணையுங்கள். சிறு தீயானால் உலர்ந்த மணலைப் போடலாம். பெரிதானால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள்.

இன்று மாலை அடுப்பங்கரை வேலை முடிந்ததும், ஈரமில்லாத புறங்கையால் வீட்டிலுள்ள பிளக்குகளின் மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று சுட்டால், நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்!