விமானத்தடியில் ஒரு திண்ணை

லண்டன் போகிறவர்கள் அரண்மனையைப் பார்க்கிறார்கள். தேம்ஸ் நதிப் பாலத்தைப் பார்க்கிறார்கள். மெழுகுப் பொம்மைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நானும் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தேன். ஆனால் அங்கே இருந்த மூன்று மாதத்தில் நான் அடிக்கடி போன இடம் வேறு. ஹீத்ரோ விமான நிலையத்தின் கிழக்கு ஓரத்தில், மிர்ட்டில் அவென்யூ என்ற சின்னத் தெரு முடிகிற இடத்தில் இருக்கும் ஒரு புல்தரை. டிக்கெட் கிடையாது, கடை கிடையாது, உட்கார நாற்காலி வேண்டுமானால் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுபோக வேண்டும். இதைப் போய்ப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? சொல்கிறேன்.

நான் போனது ஊர் சுற்ற அல்ல, பிரசவம் பார்க்க. எங்கள் அம்மா காலமாகி ஆறு வருஷமாகிறது. கடைசித் தங்கைக்கு லண்டனில் குழந்தை பிறக்கும்போது அம்மா ஸ்தானத்தில் நிற்க வேண்டியது மூத்தவள் நான்தானே! பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, பழம்புடவைத் துணி எல்லாம் கட்டிக்கொண்டு மே மாதம் போய் இறங்கினேன். தங்கை வீடு ஹவுன்ஸ்லோவில். ஹீத்ரோவுக்கு அடுத்த ஊர்.

முதல் நாள் ரசம் கொதிக்கும்போதே தலைக்கு மேல் ஒரு இரைச்சல். கரண்டியைக் கீழே போடாத குறை. இரண்டு நிமிஷம் போகவில்லை, இன்னொன்று. "என்னடீ இது, இப்படியேவா நாள் பூரா?" என்றேன். "மூணு மணிக்கு நின்னுடும் அக்கா" என்றாள். ஏதோ ஸ்கூல் மணி அடிக்கிற மாதிரி சொல்கிறாளே என்று பார்த்தால், உண்மைதான். சரியாக மூன்று மணிக்கு நின்றது!

காரணம் இதுதான். ஹீத்ரோவில் இரண்டு ஓடுபாதைகள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. விமானம் பொதுவாக எதிர்க்காற்றில்தான் இறங்கும், ஏறும். அங்கே பெரும்பாலான நாட்கள் மேல்காற்று. அதனால் விமானங்கள் கிழக்கே லண்டன் நகரத்தின் மேலாக வந்து இறங்குகின்றன. ஒரு பாதையில் இறங்குவது, மற்றதில் ஏறுவது. மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டையும் மாற்றிக்கொள்வார்கள். காலையில் இந்தப் பாதை என்றால் மூன்று மணிக்கு மேல் அந்தப் பாதை. அடுத்த வாரம் தலைகீழ். கீழே குடியிருக்கும் ஜனங்களுக்கு அரை நாளாவது காது ஓயட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. என் தங்கை இந்த அட்டவணையைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். குழந்தையின் தூக்கத்தைக்கூட அதை வைத்துத்தான் திட்டம் போட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம். ஆபரேஷன் கேஸ். புண் ஆறிவிட்டது, பால் நன்றாக இருக்கிறது, குழந்தை எடை ஏறுகிறது. ஆனால் இவள் பேசுவதில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணீர் விடுவாள். ஏன் என்று கேட்டால், "தெரியலை அக்கா." மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை. பகலில் தூக்கம். அந்தத் தெருவில் யாருக்கும் யாரையும் தெரியாது. நம் ஊரில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க நாலு பேர் வருவார்கள், பிறந்த கதை வளர்ந்த கதை பேசுவார்கள். தொல்லையாக இருக்கும், ஆனாலும் மனசு பாரம் தானாக இறங்கும். அங்கே அதற்கு வழியில்லை.

அந்த ஊரில் பிரசவமான வீடுகளுக்கு அரசாங்க நர்ஸ் ஒருவர் வந்து போகிறார். வந்தவர் குழந்தையை நிறுத்துப் பார்த்ததோடு விடாமல் தாயாரிடம் ஒரு தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயமாக இருக்கிறதா என்கிற மாதிரி. இது 1987-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆராய்ந்து தயாரித்ததாம். இப்போது பல தேசங்களில் உபயோகிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகச் சொன்னார். போனோம். அவர் வாரம் ஒரு தடவை பேசுவதற்கு ஒரு அம்மாளிடம் அனுப்பினார். அதோடு, "தினமும் அரை மணியாவது வெளியே போங்கள்" என்றார்.

வெளியே என்றால் எங்கே? மாப்பிள்ளைதான் சிரித்துக்கொண்டே சொன்னார். "விமானப் பைத்தியங்கள் கூடுகிற ஒரு இடம் இருக்கு. அங்கே போனா யாராவது பேச்சுக் கொடுப்பாங்க. பேசாம வர முடியாது."

அப்படித்தான் தள்ளுவண்டியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு மிர்ட்டில் அவென்யூ போனோம். இரண்டு பக்கமும் சாதாரண வீடுகள், பூச்செடிகள். தெருக்கோடியில் புல்தரை, ஓரத்தில் மரங்கள். இருபது பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு காமிரா, சிலதின் மூக்கு நம் இட்லிக் குண்டான் நீளம்! பைனாகுலர், ஃப்ளாஸ்க், சாண்ட்விச் டப்பா. எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்கிறார்கள்.

கிழக்கு வானத்தில் அகல் விளக்கு மாதிரி ஒரு வெளிச்சம். அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. மாலை கட்டின மாதிரி வரிசை. முதல் வெளிச்சம் பெரிதாகிப் பெரிதாகி, சக்கரத்தை நீட்டிக்கொண்டு, கையை உயர்த்தினால் தொட்டுவிடலாம் போல் தலைக்கு மேல் போயிற்று. வயிற்றுப் பகுதியில் உள்ள அழுக்குக்கூடத் தெரிந்தது. போன பிறகு சில விநாடி கழித்துக் காற்றில் புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஓசை, மரத்து இலையெல்லாம் சலசலவென்று ஆடிற்று. பெரிய விமானம் தன் பின்னால் விட்டுப் போகும் சுழல்காற்றாம் அது. சில சமயம் வீட்டுக் கூரை ஓட்டைக்கூடப் பெயர்த்துவிடுமாம். அதைச் சரி செய்துகொடுக்க விமான நிலையத்திலேயே ஒரு திட்டம் உண்டு.

அங்கே நிற்கிறவர்களுக்கு விமானம் ஒரு யந்திரமே இல்லை, தெரிந்த மனுஷர் மாதிரி. வாலில் உள்ள படத்தைப் பார்த்தே தேசம் சொல்கிறார்கள். மயில் என்றால் இலங்கை. உடம்பில் எழுதியிருக்கும் எழுத்து அதன் பதிவு எண். ஜி என்று ஆரம்பித்தால் இங்கிலாந்து, 9வி சிங்கப்பூர், 4ஆர் இலங்கை, விடி என்றால் நம் இந்தியா. நம்முடைய இந்த எழுத்து வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒதுக்கியது. இந்த எண்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வது பழைய பழக்கம். இப்போது படம் எடுத்து ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள், அனுப்புகிறார்கள். கைபேசியைத் திறந்தால் வருகிற விமானம் எங்கே புறப்பட்டது, எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று வரைபடமே தெரிகிறது. விமானங்கள் தாம் இருக்கும் இடத்தைத் தாமே ஒலிபரப்பிக்கொண்டே வருமாம். உலகமெங்கும் இந்த மாதிரி ஆர்வலர்கள் கூரைமேல் சின்ன ஆன்டெனா வைத்து அதைப் பிடித்துக் கொடுப்பதால்தான் அந்தப் படம் நமக்குக் கிடைக்கிறது.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். மனைவி போன பிறகு தினமும் வருகிறார். கான்கார்டு விமானத்தைப் பற்றிச் சொன்னால் கண் கலங்குகிறார். 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு சத்தத்தைவிட வேகமாகப் பறந்த விமானம் அது. 2003 அக்டோபர் 24-ஆம் தேதி மூன்று கான்கார்டுகள் ஹீத்ரோவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைசியாக வந்து இறங்கியபோது கூட்டத்தோடு நின்று பார்த்தாராம். அவற்றின் ஜோடி ஒன்று இன்னமும் ஹீத்ரோவிலேயே நிற்கிறது.

பத்து வயசுப் பையன் ஒருவன். யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே இன்ன விமானம் என்று சொல்லிவிடுவான். இரண்டு மாடி விமானமான ஏ-380 வந்தால் மட்டும் குதிப்பான். "22 சக்கரம்! இறக்கை 80 மீட்டர்!" அவன் அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, "பள்ளிக்கூடத்தில் இவனுக்குச் சிநேகிதர்கள் இல்லை. இங்கே எல்லோரும் சிநேகிதர்கள்" என்றாள்.

என்னை அதிகம் கவர்ந்தவர் ஒரு பஞ்சாபி அம்மாள். சல்வாரின் மேல் தடிமனாக ஒரு கோட். விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் முப்பது வருஷம் தட்டு அடுக்கியவர். என்னுடைய ஹிந்தி, பிரசார சபா பரீட்சையோடு நின்ற ஹிந்தி. அதை வைத்துக்கொண்டே சமாளித்தேன். "ஜம்போ விமானத்துக்கு எத்தனை தட்டு அடுக்கியிருப்பேன்! ஒரு தடவைகூட உள்ளே உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை" என்று சிரித்தார். அங்கிருந்த பெரிய கம்பெனியின் கடைசி ஜம்போக்கள் 2020 அக்டோபர் 8-ஆம் தேதி ஹீத்ரோவை விட்டுக் கிளம்பிப் போயின. அன்றைக்குத் தன் பெண்ணைப் புக்ககம் அனுப்பினது போல் இருந்ததாம்.

இந்த அம்மாள்தான் தங்கையின் முகத்தைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டார். பக்கத்தில் வந்து குழந்தையின் கம்பளியைச் சரி செய்தார். "எனக்கும் மூத்தவன் பிறந்தபோது இப்படித்தான் இருந்தது மகளே. இந்த ஊரில் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை" என்றார். தங்கை அவர் தோளில் சாய்ந்து அழுதாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னாள். அந்த நேரத்தில் இரண்டு மூன்று விமானங்கள் போயின. யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

இந்தப் பொழுதுபோக்கை உலகம் எப்போதும் புரிந்துகொண்டது என்று சொல்ல முடியாது. 2001 நவம்பரில் கிரீஸ் தேசத்துக் கலமாட்டா விமானத்தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. செய்த காரியம் விமான எண்களைக் குறித்துக்கொண்டது! 2002 ஏப்ரலில் தண்டனைகூட விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அப்பீலில் எல்லோரும் விடுதலை. 'எண்ணை எழுதி வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?' என்பது நீதிபதிகளுக்கே விளங்கவில்லை போலும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2022 பிப்ரவரி 18-ஆம் தேதி யூனிஸ் புயல் அடித்தபோது, ஜெர்ரி டயர் என்பவர் ஹீத்ரோ அருகே வேன் கூரையில் நின்று, தள்ளாடித் தள்ளாடி இறங்கும் விமானங்களை நேரடியாக ஒளிபரப்பினார். ஒரே சமயத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். தனக்குச் சம்பந்தமே இல்லாத விமானம் பத்திரமாகத் தரை தொட வேண்டுமே என்று அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் வாரத்தில் நாலு நாள் போனோம். ஒரு நாள் பஸ் டிரைவர் தாத்தா அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தார். கீழே தள்ளுவண்டி, மேலே மயில் வால் விமானம், நடுவில் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்கிற நான். அதைப் பார்த்துத் தங்கை சிரித்தாள் பாருங்கள், இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. விமானம் பார்த்து மனநோய் தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர், பேசுவதற்கு அனுப்பிய அம்மாள், வேளா வேளைக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் அவளைத் தேற்றின. ஆனால் வீட்டை விட்டு வெளியே வருவதற்கு ஒரு சாக்கும், வந்த இடத்தில் "வந்துட்டியா?" என்று கேட்க ஒரு ஆளும் அவளுக்கு வேண்டியிருந்தது. நம் வீடுகளில் திண்ணை செய்த வேலை அது. திண்ணையில் உட்கார்ந்தவர்களும் தெருவைத்தான் பார்த்தார்கள்; பேசினது என்னவோ வீட்டு விஷயம்.

நான் ஆகஸ்டில் ஊர் திரும்பும்போது இவளை யாரிடம் விட்டுப் போகிறோம் என்ற கவலை பாதிதான் இருந்தது. பஞ்சாபி அம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் சப்பாத்தியோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். சொன்னபடி வருகிறார்.

லண்டன் போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். பிக்கடில்லி லைன் ரயிலில் ஹாட்டன் கிராஸ் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிஷ நடை. மேல்காற்று நாளாகப் பார்த்து, தெற்கு ஓடுபாதையில் விமானம் இறங்கும் வேளையில் போங்கள். இல்லாவிட்டால் வெறும் புல்லைத்தான் பார்க்க வேண்டும். கழிப்பறை கிடையாது. குடை, ஸ்வெட்டர், குடிக்க வெந்நீர் அவசியம். குடியிருப்பவர்களின் வாசலை மறிக்காதீர்கள், குப்பை போடாதீர்கள். கைக்குழந்தையோடு போனால் இரைச்சலுக்கு நேர் கீழே வேண்டாம். தெருவில் தள்ளி நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுங்கள்.

தங்கை இப்போது ஒரு சின்னக் காமிரா வாங்கியிருக்கிறாள். வாரம் ஒரு படம் எனக்கு வருகிறது. கூடவே ஒரு வரி எழுதுவாள். போன வாரம் எழுதியது: "அக்கா, இன்னிக்கு மெட்ராஸ் ப்ளேன் 12 நிமிஷம் லேட். குழந்தைக்கு முதல் பல் வந்தாச்சு."